முகாமுக்கு நாள் குறிப்பது யார்?

கல்வி வகுப்பறைச் சுவர்களுக்குள் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுவதன்று என்பதை ஆசிரியரும் மாணவரும் பெற்றோரும் ஒருமனமாக ஏற்கின்றனர். அதனாலன்றோ ஆண்டுதோறும் மாணவர்களை ஊர்ப்புறம் அழைத்துச் சென்று சில நாள் தங்கவைத்து வருகிறோம்! நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவர்களுடன் தொடங்கப்பெற்றது. இன்று அத்திட்டம் இல்லாத கல்லூரி அரிது. நூறு மாணவர் கொண்ட ஓரணியில் ஐம்பதின்மர் ஏழு நாள் சிற்றூரில் தங்கிப் பணியாற்றுவது அதன் சிறப்பு முகாம். துறைகள் தாமே நடத்தும் களப்பயணங்களும் மலைச்சுற்றுலாக்களும் இவற்றுக்குப் புறம்பானவை.

முகாம் வேண்டுமா, வேண்டாவா என்பதன்று என் கேள்வி. கட்டாயம் வேண்டும். அம்முகாமுக்கு நாள் குறிப்பவர் யார் என்பதே கேள்வி.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனி மாதத்தில் சமவெளிச் சிற்றூர் ஒன்றில் ஐம்பது மாணவர்களுடன் தங்கியிருந்தேன். ஊர் ஏரியில் மண்டிக் கிடந்த சீமைக் கருவேலத்தை வெட்டி அகற்றுவது எங்கள் பணி. மாணவர்கள் உண்மையாகவே உழைத்தார்கள். மூன்றாம் நாள் விடியலில் ஒரு முதிய அம்மையார் வெறுங்குடத்துடன் நாங்கள் தங்கியிருந்த பள்ளியின் வாயிலில் வந்து நின்றார்.

"ஏனுங்க வாத்தியாரே, ஏரியச் சுத்தம் பண்ணிக் குடுக்கறீங்க, நல்லதுங்க. நீங்க கெளம்பற வரைக்கும் நாங்க குடிக்கற தண்ணிக்கு எங்கீங்க போறது?"

அவர் குரலில் சினம் இல்லை. அதனாலேயே அது என்னை வருத்தியது. வெயிலில் வேலை செய்து திரும்பும் மாணவர்கள் நாளுக்கு இருமுறை குளித்தனர். ஊர்த் தொட்டி இரண்டே நாளில் வறண்டுவிட்டது. ஏரியைச் சீராக்க வந்த நாங்கள் ஊராரின் குடிநீரைப் பறித்துக்கொண்டோம். கல்லூரி நாட்காட்டியில் அந்த வாரம் ஒழிவாக இருந்தது என்பதைத் தவிரப் பங்குனியில் அங்குச் சென்றதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

அன்று முதல் என் கருத்து இதுதான்: முகாமுக்கு நாள் குறிக்க வேண்டியது கல்லூரி நாட்காட்டியன்று, நாம் சென்று தங்கப்போகும் நிலத்தின் பருவமே அதனைக் குறிக்க வேண்டும்.

தமிழ் பயில்வோர்க்கு இது புதிய செய்தியன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தொல்காப்பியம் கூறுவதை முதலாண்டிலேயே கற்பிக்கிறோம். திருக்குறளின் 48, 49, 50ஆம் அதிகாரங்கள் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என அடுத்தடுத்து நிற்கின்றன. அவை படை நடத்தும் அரசனை நோக்கிச் சொல்லப்பட்டவை. ஆயினும் ஐம்பது பேருடன் ஒரு சிற்றூருக்குள் நுழைபவனும் ஒரு சிறு படையை நடத்திச் செல்பவனே. ஆகவே அம்மூன்றையும் நமக்கும் உரியவையாகக் கொண்டு, காலத்தில் தொடங்கி ஒரு முகாமைத் திட்டமிட்டுப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டாக ஓர் இடத்தை மனத்தில் கொள்வோம். ஆத்தூரிலிருந்து தெற்கே சென்றால் மேற்கே கொல்லிமலையும் கிழக்கே பச்சைமலையும் நிற்க, நடுவே சுவேத நதி ஓடும் பள்ளத்தாக்கு விரிகிறது. கொல்லிமலையில் தோன்றும் அந்நதி மழையை நம்பி ஓடுவது. மரச்சிற்பத்துக்குப் பெயர்பெற்ற தம்மம்பட்டியும், பாக்குத் தோப்புகள் சூழ்ந்த கெங்கவல்லியும் அப்பகுதியின் ஊர்கள். பேருந்துச் சாலையை விட்டு விலகி நடந்தால், மரவள்ளிக் காடுகளும் கிணற்றுமேடுகளும் அமைதியும் நம்மை எதிர்கொள்கின்றன.

காலமறிதல்

ஓராண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தனர் நம் முன்னோர். அவற்றுள் எது முகாமுக்கு உகந்தது?

ஆவணியும் புரட்டாசியும் கார். சேலம், நாமக்கல் பகுதிகளில் மாலை நேர இடிமழை மிகுந்த காலம் இது. மானாவாரி நிலத்தில் களையெடுப்பும் பிற வேலைகளும் நடக்கும். உழவர்க்கு நம்மோடு பேச நேரமிராது.

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். வடகிழக்குப் பருவமழையின் காலம். 2021ஆம் ஆண்டு அக்டோபரில், ஆத்தூரை அடுத்த முட்டல் ஆனைவாரி அருவியில் திடீர் வெள்ளம் பெருகிக் கைக்குழந்தையுடன் ஒரு தாய் பாறையில் சிக்கிக்கொண்டதையும், இளைஞர்கள் தம் உயிரைப் பொருட்படுத்தாது அவர்களை மீட்டதையும் நாடே கண்டது. நாம் நிற்கும் இடத்தில் துளி மழை இல்லாதபோதும் மலைமேல் பெய்த மழை வெள்ளமாக வந்து சேரும். இக்காலத்தில் ஓடைக்கரையில் மாணவர்களைத் தங்கவைப்பது அறிவுடைமையன்று.

மாசியும் பங்குனியும் பின்பனி. நம் கல்லூரிகள் பலவும் முகாமுக்குத் தேர்ந்தெடுக்கும் காலம் இதுவே. மிகவும் தவிர்க்க வேண்டிய காலமும் இதுவே. மலைச்சரிவின் புல் காய்ந்து சருகாகிக் கிடக்கும். 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீ, சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்து மலையேறச் சென்றிருந்தவர்களைச் சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் இளையோர். அது மாசி மாதத்தின் இறுதி வாரம். அதன்பின் அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கென விதிகள் வகுத்தது. தீப்பருவத்தில் மலையேற்றப் பாதைகள் மூடப்படுகின்றன. இத்துடன் கிணற்று நீர் இறங்கத் தொடங்கும் காலமும், பள்ளிப் பிள்ளைகளின் பொதுத்தேர்வுக் காலமும் இதுவே. நாம் தங்க விரும்பும் பள்ளிக் கட்டடம் அவர்களுக்குத் தேர்வுக்கூடம் என்பதை மறத்தலாகாது.

சித்திரையும் வைகாசியும் இளவேனில் எனப் பெயர்பெற்றாலும் நம் சமவெளியில் அவை கடுங்கோடையே. வெப்பம் 40 பாகையைத் தொடும் நாள்கள் உண்டு. இடையிடையே இடியும் மின்னலும் கூடிய கோடைமழையும் உண்டு. மாணவர்க்கு விடுமுறை என்பது உண்மையே. ஆயின் ஊராருக்குத் தண்ணீர்த் தட்டுப்பாடு. ஆனியும் ஆடியும் முதுவேனில். காற்றடிக்கும் காலம், கூடாரம் நிலைத்து நில்லாது. ஆடிப்பெருக்கையொட்டிக் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா நடைபெறுவதால் மலைச்சாலையெங்கும் கூட்டம் நிறைந்திருக்கும். அமைதியை நாடிச் செல்வோர்க்கு அது ஏற்றதன்று.

எஞ்சியது முன்பனி. மார்கழியும் தையும். மழை ஓய்ந்திருக்கும், கிணறுகளில் நீர் இருக்கும், ஓடைநீர் கலங்கல் தெளிந்து ஓடும். மானாவாரிப் பயிர் பெரும்பாலும் வீடு சேர்ந்திருப்பதால் உழவர் திண்ணையில் அமர்ந்து பேச மனம் கொள்வர். புல் ஈரமாக இருப்பதால் தீயச்சம் குறைவு. டிசம்பர் இறுதியில் அரையாண்டு விடுமுறை வருவதால் பள்ளிக் கட்டடமும் ஒழிவாக இருக்கும். கிறித்தவ மாணவர்கள் தம் திருநாளை இல்லத்தில் கொண்டாடிவிட்டு வர, 26ஆம் நாள் தொடங்கி ஏழு நாள் முகாம் நடத்தலாம். அது தவறினால் பொங்கலை ஊரார் தம் போக்கில் கொண்டாடவிட்டு, தையின் நடுவில் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் தங்கலாம்.

இங்கு நம் கல்லூரி கருத வேண்டிய மற்றொரு நாட்காட்டியும் உண்டு. அது பிறை நாட்காட்டி. பிறையாண்டு 354 அல்லது 355 நாள் கொண்டது. ஆதலின் நோன்பு மாதம் ஆண்டுதோறும் ஏறத்தாழப் பதினொரு நாள் முன்னேறி வருகிறது. பிறை காண்பதைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகலாம். 2028இல் நோன்பு தையின் நடுவில் தொடங்கும். 2029இல் ஏறத்தாழத் தை முழுவதையும் நிரப்பும். 2030ஆம் ஆண்டில் சனவரி முதல் வாரத்தில் ஒன்றும் டிசம்பர் இறுதி வாரத்தில் மற்றொன்றுமாக இருமுறை தொடங்கும். எனவே 2029 முடிய டிசம்பர் இறுதியும், அதன்பின் சில ஆண்டுகள் பொங்கலுக்குப் பிந்தைய நாள்களும் நமக்கு ஏற்றவை. இந்தக் கணக்கை இன்றே போட்டு வைத்தால், கடைசி நேரத்தில் முகாமைப் பங்குனிக்குத் தள்ளும் நிலை வாராது.

இடனறிதல்

காலம் முடிவானபின் இடம். ஒதுக்குக் காட்டுக்குள் வனத்துறையின் இசைவின்றி ஓரடியும் வைத்தலாகாது. எவ்வளவு அழகிய சரிவாயினும் அது நமக்குரிய தங்குமிடம் அன்று. ஊரை ஒட்டிய பள்ளிக் கட்டடம், சமுதாயக் கூடம், அல்லது உரியவர் மனமுவந்து அளிக்கும் பட்டா நிலம் ஆகியவையே தக்கன.

ஓடைமணல் மெத்தைபோல் இருக்கும். அங்குப் படுக்க மாணவர் ஆசைப்படுவர். முன்பனியிலும் அதனை மறுக்க வேண்டும். கொல்லிமலை உச்சியருகே ஆகாய கங்கை அருவியாக விழும் நீரே ஐயாறாகி, மலையின் மறுபுறம் திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலையில் வெளிப்படுகிறது. மேலே பெய்வதைக் கீழே இருப்பவர் அறியார். சென்ற வெள்ளம் எவ்வளவு உயர்ந்தது என்பதைக் கரையோரப் புதர்களில் சிக்கித் தொங்கும் சருகும் கந்தலும் காட்டும். அக்குறிக்கு நன்கு மேலேதான் நம் கூடாரம் நிற்க வேண்டும்.

வெள்ளத்தினும் நம் பகுதியில் அஞ்சத்தக்கது கிணறு. சேலம், நாமக்கல் சமவெளியின் பாசனக் கிணறுகள் மிக ஆழமானவை; சுற்றுச்சுவர் இல்லாதவையும் பல. நீந்தத் தெரிந்தவன் என்று சொல்லிக்கொள்ளும் மாணவனே முதலில் குதிப்பான். கிணற்றிலும் அருவியிலும் குளித்தல் இல்லை என்பதை முகாமின் முதல் விதியாக எழுதி, பெற்றோர் ஒப்பத்துடன் வாங்கி வைத்தல் நன்று.

வலியறிதல்

நம் வலிமை எவ்வளவு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஊரின் வலிமை எவ்வளவு என்பதை அதற்கும் முன்னே எண்ண வேண்டும். ஒருவர் நாளொன்றுக்கு 40 லிட்டர் நீர் செலவழித்தால் ஐம்பது பேருக்கு 2,000 லிட்டர். ஏழு நாளில் 14,000 லிட்டர். தெருமுனைகளில் நிற்கும் ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிகள் பதினான்கை நாம் காலி செய்கிறோம் என்று பொருள். ஊராட்சித் தலைவரிடம் இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லி, தர இயலுமா என்று கேட்க வேண்டும். இயலாதெனில் நம் செலவில் லாரியில் நீர் கொண்டுசெல்ல வேண்டும். அல்லது இருபத்தைந்து பேராகக் குறைய வேண்டும். ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளூச் செய்யும் நீரை வீணாக்கலாகாது என்று சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்த நாம், பிறர் ஊர்த் தொட்டியின் குழாயை எத்துணைக் கவனத்துடன் திறக்க வேண்டும்!

உணவு ஏழு நாளும் மரக்கறியாக இருப்பது எல்லாருக்கும் எளிது. அரிசியும் காய்கறியும் நகரத்திலிருந்து மூட்டை கட்டிச் செல்லாமல் அவ்வூர்க் கடையிலும் தோட்டத்திலும் விலை கொடுத்து வாங்கினால் நம் வருகையால் ஊருக்குச் சிறிதேனும் பயன் உண்டு. சமைக்கும் பெண்களுக்கு உரிய கூலியை அன்றன்றே கொடுத்துவிட வேண்டும்.

மாணவியரை அனுப்பப் பெற்றோர் தயங்குவது இயல்பு. அத்தயக்கத்தைக் கடிந்து பயனில்லை. ஏற்பாட்டால்தான் தீர்க்க வேண்டும். மாணவியர்க்குப் பூட்டக்கூடிய தனிக் கட்டடம், கழிப்பறை, உடன் தங்கும் பேராசிரியைகள் இருவர், பெற்றோர் எந்நாளும் வந்து பார்க்கும் உரிமை ஆகிய நான்கும் உறுதியானால் தயக்கம் பெரும்பாலும் நீங்கும்.

பாம்புக்கடிக்கு நச்சுமுறி மருந்து உள்ள அரசு மருத்துவமனை எது, அங்குச் செல்ல எவ்வளவு நேரமாகும் என்பதை முன்பே நேரில் சென்று அறிய வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கின் நஞ்சுக்கும் ஒரே மருந்து பயன்படுகிறது. ஆதலால் பாம்பைத் தேடிப் பிடித்து எடுத்துச் செல்ல வேண்டியதில்லை. கடிவாயைக் கீறுவதும் இறுகக் கட்டுவதும் தீங்கே செய்யும். கடிபட்டவரை நடக்கவிடாமல் விரைந்து கொண்டுசெல்வதே உதவி. 108 ஊர்தியை அழைக்கக் கைப்பேசிக்கு இணைப்புக் கிடைக்கும் இடம் எது என்பதையும் முதல் நாளே அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

சென்று செய்ய வேண்டியது

முகாம் ஏழு நாள். அதற்குரிய ஆயத்தம் ஆறு மாதம். இரண்டு ஆசிரியரும் நான்கு மாணவரும் ஆடியில் ஒருமுறை சென்று ஊராரிடம் இசைவு கேட்கட்டும். ஐப்பசியில் பேருந்துச் சாலை வரையிலேனும் மீண்டும் சென்று மழையில் அந்நிலம் எவ்வாறு இருக்கிறது எனக் காணட்டும். மார்கழித் தொடக்கத்தில் கிணற்று நீரின் அளவைப் பார்த்து நாளை உறுதி செய்யட்டும். இவ்வாறு செய்தால் நாம் முகாமுக்குப் போகும் நாளில் ஊரார்க்கு நாம் அயலார் அல்லோம்.

"நிதி கைக்கு வருவதே மாசியில்; நாங்கள் என்ன செய்ய?" என்று முகாம் நடத்தும் நண்பர்கள் கேட்பதுண்டு. அவர்களுடைய இடர்ப்பாடு எனக்குத் தெரியாததன்று. நானும் அவ்வாறு சொல்லித்தான் பங்குனியில் சென்றேன். ஆயினும் முன்சென்று பார்ப்பதற்கு ஆறு பேரின் பேருந்துக் கட்டணத்துக்குமேல் செலவில்லை. அரசு நிதி தாமதித்தால் ஏழு நாள் முகாமின் செலவை முன்பணமாகத் தந்து பிறகு பெற்றுக்கொள்ளும் வலிமை நம் நிருவாகத்தார்க்கும் சமுதாயப் பெரியோர்க்கும் உண்டு. கட்டடங்களுக்கு வாரி வழங்கும் கைகள் இதற்குச் சுருங்கா என்று நம்புகிறேன்.

தமிழ்த்துறை மாணவர்க்கு அங்குத் தனிப்பணியும் உண்டு. மண்ணின் வகைக்கும் மழையின் வகைக்கும் மாட்டின் நிறத்துக்கும் உழவர் வழங்கும் சொற்கள் நம் அகராதிகளில் முழுமையாக ஏறவில்லை. கொல்லிமலையில் வளப்பூர் நாடு, குண்டூர் நாடு, சேளூர் நாடு என நாடு என்னும் பழைய பிரிவின் பெயர் இன்றும் வழங்குகிறது. வன்பரணர் பாடிய ஓரியின் மலை அது. அங்கே விளைந்த சாமையும் தினையும் மரவள்ளிக்கு இடம்விட்டு வருகின்றன. பயிர் மறைந்தால் அதனை விதைக்கவும் அறுக்கவும் புடைக்கவும் வழங்கிய சொற்களும் மறையும். அவற்றைச் சொல்லத் தெரிந்த முதியோர் இன்னும் இருக்கிறார்கள். இசைவு பெற்று அவற்றைக் கேட்டு எழுதி, தொகுத்ததன் படியொன்றை அவ்வூர்ப் பள்ளிக்கே திருப்பி அளிக்க வேண்டும். வாங்கிக்கொண்டு மட்டும் வருவது கல்விக்கு அழகன்று.

ஒலிபெருக்கி வேண்டா. குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் பெரும்பொழுது, யாமம் சிறுபொழுது எனத் தேர்வுக்கு மனப்பாடம் செய்த மாணவர், மார்கழி நள்ளிரவில் மலையடிவாரத்தில் ஒருமுறை விழித்திருந்தால் அந்த இலக்கணத்தின் பொருள் தானே விளங்கும். அதற்குப் பள்ளத்தாக்கின் அமைதி வேண்டும். அந்த அமைதி ஊராருடையது, நாம் கலைக்கலாகாது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கோர் ஊர் என்று மாறாமல், ஒரே ஊருக்கு மூன்றாண்டு தொடர்ந்து செல்வோம். முதலாண்டில் நட்ட கன்று நின்றதா என்பதை இரண்டாமாண்டு மாணவர் பார்க்கட்டும். மூன்றாமாண்டில் அவ்வூரார் ஐவரை நம் கல்லூரிக்கு அழைத்து வந்து, நம் விடுதியில் தங்கவைத்து, நம் வகுப்பில் அமர்த்தி, நம் மாணவர் தொகுத்த சொற்களைத் திருத்தித் தரச் சொல்வோம். விருந்தினராகச் சென்றவர் விருந்தோம்பவும் அறிவது அன்றுதான்.

வெறுங்குடத்துடன் வந்து நின்ற அந்த அம்மையாருக்கு அன்று என்னால் விடை கூற இயலவில்லை. மாணவர்களை அழைத்துக் குளியலை நிறுத்தச் சொன்னேன். தொட்டி நிறைய மேலும் ஒரு நாள் ஆயிற்று. இனி எம்முகாமிலும் அவரைப்போல் ஒருவர் வந்து அக்கேள்வியைக் கேட்க நேராதிருக்குமானால், அதுவே அவர்க்கு நாம் கூறும் விடையாகும்.